இரும்பு ஏணிக்கு மேல் ஒரு ஜியாகிரபி ட்யூஷன்: தாராவியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பலாமா?

ஏணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இரும்பு ஏணி, பதிமூன்று படி, கைப்பிடி ஒரு பக்கம்தான். மூட்டுவலி உள்ளவர்கள் பிள்ளையை மேலே அனுப்பிவிட்டு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொள்ளலாம். முதல் மாதம் நான் அப்படித்தான் உட்கார்ந்தேன். இரண்டாம் மாதத்திலிருந்து நானும் ஏறிப் போய், பின்னால் செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, வருகிறேன்.

தாராவி 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், தோல் பை தைக்கும் பட்டறைக்கு மேல் மாடியில் இந்த ட்யூஷன் நடக்கிறது. பெயர்ப் பலகை இல்லை. "ஜியாகிரபி டீச்சர் வீடு" என்று கேட்டால் பட்டறைப் பையன்களே கையை மேலே காட்டுவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு சி.பி.எஸ்.இ. ஜியாகிரபி மட்டும்தான், வேறு பாடம் எடுப்பதில்லை. டீச்சர் தென்காசிப் பக்கம். எம்.ஏ. புவியியல் முடித்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். எங்கள் பக்கம் அக்கவுண்ட்ஸுக்கும் கணக்குக்கும் தெருவுக்கு நாலு கிளாஸ் இருக்கிறது. ஜியாகிரபிக்கு என்று நான் தேடிய அளவில் கிடைத்தது இது ஒன்றுதான்.

நான் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஐ.டி.ஐ. படிப்பு. ஊர் தூத்துக்குடி ஜில்லா, 1999ல் வேலை கிடைத்து வந்தேன். மகள் மத்திய அரசுப் பள்ளி ஒன்றில் ஆர்ட்ஸ் குரூப். பத்தாவதில் நல்ல மார்க் எடுத்துவிட்டு ஆர்ட்ஸ் எடுத்தாள் என்பதில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் வருத்தம், எனக்கு இல்லை. பிரச்சினை வேறு. பன்னிரண்டாவது தொடங்கும் நேரத்தில் பள்ளியில் ஜியாகிரபி டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். அரை வருஷம் அந்த இடம் காலி. அதற்கு முன்பே ஒரு ஆப்புக்கு வருஷச் சந்தா கட்டி ஏமாந்திருந்தேன். அதில் ஜியாகிரபி என்றால் யாரோ ஒருவர் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும் பழைய வீடியோதான். சந்தேகம் கேட்டால் மூன்றாம் நாள் "உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியம்" என்று பதில் வரும். அதோடு அந்தக் கதை முடிந்தது.

சரி, ட்யூஷனுக்கு வருவோம். திங்கள், புதன், வெள்ளி இரவு ஏழிலிருந்து எட்டரை. மாதம் ஆயிரம் ரூபாய், மேப் கட்டுக்குத் தனியாக இருநூறு. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பதினான்கு பிள்ளைகள். பெஞ்ச் இல்லை, பாய்தான். பேசுவது தமிழும் ஹிந்தியும் கலந்து. பதினான்கு பேரில் பதினொருவர் தமிழ்ப் பிள்ளைகள், இருவர் உத்தரப் பிரதேசம், ஒருவன் சோலாப்பூர். கீழே தையல் மிஷின் ஓடும்போது தரை லேசாக அதிரும். ஒரு வாரத்தில் பழகிவிடும் என்றார்கள், பழகிவிட்டது.

பரீட்சை விவரம் தெரியாத பெற்றோருக்காக ஒரு வரி. எழுத்துத் தேர்வு 70, பிராக்டிகல் 30. அந்த 70ல் பத்து மார்க் மேப்புக்கு. உலக மேப்பில் ஏழு இடங்கள் குறித்துக் கொடுத்திருப்பார்கள், அதில் ஐந்தைக் கண்டுபிடித்துப் பெயர் எழுதினால் போதும். இந்திய மேப்பில் அப்படி இல்லை. ஏழு பெயர் கொடுப்பார்கள், ஐந்தை நாமே இடம் பார்த்துக் குறிக்க வேண்டும். இங்கேதான் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். இந்த டீச்சரின் கைவரிசையும் இங்கேதான்.

வகுப்பு தொடங்கியதும் முதல் பத்து நிமிஷம் வெற்று இந்திய மேப். எந்த ஊரையும் குறிக்கக் கூடாது, முதலில் இரண்டு கோடு போட வேண்டும். குறுக்கே கடகரேகை, 23½ டிகிரி. நெடுக்கே 82½ டிகிரி, அதாவது நம் நாட்டுக் கடிகாரமெல்லாம் கணக்கு வைத்து ஓடும் கோடு. கடகரேகை குஜராத்தில் நுழைந்து மிசோரத்தில் வெளியேறுவதற்குள் எட்டு மாநிலங்களைத் தொட வேண்டும். ஏழுதான் வருகிறது என்றால் கோடு சரிந்துவிட்டது, அழித்துவிட்டு மறுபடியும் போடு.

இந்தக் கோடு எதற்கு என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. ஒருநாள் டீச்சர் போர்டில் போட்டுக் காட்டினார். பொக்காரோ, ஜரியா, ராணிகஞ்ச் என்று பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டு மனப்பாடம் செய்யும் நிலக்கரி ஊர்கள் மூன்றும், மேற்கிலிருந்து கிழக்காக, கடகரேகையின் முதுகில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அதே கோட்டில் இடது பக்கம் வந்தால், கொஞ்சம் மேலே கட்னி, பாக்சைட். இன்னும் இடது பக்கம் போனால் கோட்டுக்கு ஒரு நூல் கீழே அகமதாபாத், அதையும் தாண்டிக் கடல் ஓரத்தில் காண்ட்லா துறைமுகம். நெடுக்குக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் அதை ஒட்டி பிலாஸ்பூர், இன்னும் கீழே கோராபுட், இரண்டும் பாக்சைட். அங்கிருந்து சற்றுக் கிழக்கே கடலைத் தொட்டால் விசாகப்பட்டினம். இரண்டே கோடு, ஒன்பது இடம். பதினேழு வயதுப் பிள்ளைகள் "ஓ" என்று சத்தம் போட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

நான் ஏணி ஏறிய காரணமும் இந்த மேப்தான். ஒருநாள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, உங்க ஊரு கடலுக்குள்ள போயிட்டு, வந்து பாருங்க" என்றார். ஏறிப் போய்ப் பார்த்தால், என் மகள் தூத்துக்குடித் துறைமுகத்தைப் பாம்பனுக்கும் இலங்கைக்கும் நடுவில் தண்ணீரில் குறித்திருக்கிறாள். அவள் மட்டும் இல்லை, தூத்துக்குடி, திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் அதே போல. வருஷம் தவறாமல் மே மாதம் ஊருக்குப் போய் வருகிறவர்கள்தான். ரயிலில் ஏறிப் படுத்தால் ஊர் வந்ததும் இறங்குகிறவர்களுக்கு அது மேப்பில் எங்கே இருந்தால் என்ன? எனக்கு மானம் போனது போல இருந்தது. அந்த வாரமே பாயில் ஒரு இடம் கேட்டு வாங்கினேன்.

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. நான் ரயில்வேக்காரன் என்று தெரிந்ததும் என்னை வேலையும் வாங்கினார். போக்குவரத்துப் பாடத்தில் ரயில்வே வரும். 1853ல் பம்பாயிலிருந்து தானேவுக்கு முதல் ரயில், 34 கிலோமீட்டர் என்று புத்தகத்தில் இருக்கும். தானே லோக்கலில் தொங்கிக்கொண்டு போகும் பிள்ளைகளுக்கு அதில் ஒரு அதிசயமும் தெரியாது. அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தது பைலாடிலா. இரும்புத் தாதுக்காகக் குறிக்கச் சொல்லும் இடம், சத்தீஸ்கரின் தெற்கு மூலை. எங்கே வைப்பது என்று தெரியாமல் ராய்ப்பூரில் வைப்பார்கள், ஒடிசாவில் வைப்பார்கள். அந்த மலைத் தாதுவை ஜப்பானுக்குக் கப்பலேற்றுவதற்காக 1960களில் போட்ட ரயில் பாதை ஒன்று உண்டு. கிரண்டுல் என்ற இடத்திலிருந்து ஜக்தல்பூர், கோராபுட், அரக்கு வழியாக மலை இறங்கி விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கொத்தவலசாவில் சேரும். ரயில்வேயில் கே.கே. லைன் என்போம். அந்த ஒரு பாதையை மேப்பில் இழுத்துவிட்டால் இரும்பு, பாக்சைட், துறைமுகம் மூன்றும் ஒரே நூலில் கோத்தது போல வந்துவிடும். அடுத்த வகுப்பில் அதை டீச்சர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். இப்போது புது பேட்சுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறாராம். ஒர்க்‌ஷாப்பில் இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டு எழுதிக்கொண்டதில்லை.

உலக மேப்புக்கு டீச்சர் வைத்திருக்கும் வித்தைகள் வேறு. பனாமா கால்வாய் பாடம் மட்டும் வகுப்புக்கு வெளியே, அந்த ஏணியில் நடந்தது. சூயஸ் 1869ல் திறந்தது, அது சமதளக் கால்வாய், கதவணை கிடையாது, கப்பல் நேராகப் போகலாம். பனாமாவில் ஆறு கதவணை, கப்பலைக் கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் தூக்கி மறுபடியும் இறக்க வேண்டும். "நம்ம ஏணி பதிமூணு படி, படிக்கு ரெண்டு மீட்டர்னு வச்சிக்கோங்க" என்றார் டீச்சர். சோலாப்பூர்ப் பையன்தான் கப்பல். அட்லாண்டிக் பக்கம் மூன்று தாவலில் உச்சிக்கு ஏறினான். மேலே மாடி நடைதான் கால்வாய் நடுவில் வரும் காட்டூன் ஏரி. இறங்கும்போது முதலில் ஒரு கதவணை, கொஞ்ச தூரம் தள்ளி இரண்டு கதவணை என்று நிறுத்தி நிறுத்தி இறக்கினார். பட்டறையில் மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். பையன் பசிபிக் கடலில் கால் வைத்ததும் கீழே தைத்துக்கொண்டிருந்த பாய் ஒருவர் கை தட்டினார்.

டிரான்ஸ் சைபீரியன் ரயில் பாதைக்குப் புத்தகக் கணக்குப்படி இரண்டு முனை, செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கும் விளாடிவோஸ்டாக்கும். அதை இரண்டு முறை சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். நான்தான் சும்மா இராமல், நம் பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர், ரஷ்யாவில் 1,520 என்று ஆரம்பித்தேன். "அது கேள்வியில வராது அண்ணாச்சி" என்று அடக்கிவிட்டார். சரிதான்.

இனி இந்த ட்யூஷனுக்காகவே தனியாகச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம்.

இந்தியா பற்றிய புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் தாராவியைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. ஆமாம், எங்கள் தாராவிதான். இந்தியா முழுக்க சி.பி.எஸ்.இ. ஜியாகிரபி எடுக்கும் பிள்ளைகள் எங்கள் தெருவைப் பாடமாகப் படிக்கிறார்கள். 90 அடி ரோடு என்று பெயர்தான், பெரும்பாலும் அதில் பாதி கூட இல்லை என்று வரும். சந்துகளில் சைக்கிள் கூடப் போகாது, வீட்டுக்குத் துருப்பிடித்த இரும்புப் படி, ஒரே அறையில் பன்னிரண்டு பேர், மரமே கிடையாது, காக்காயும் எலியும்தான் என்று போகும். அப்புறம் இதே இடத்திலிருந்துதான் நல்ல மண்பாண்டம், ஜரிகை வேலை, தோல் பொருள், நகை வேலை எல்லாம் பணக்கார வீடுகளுக்குப் போகிறது என்றும் இருக்கும். கடலின் ஒரு கை குப்பையால் தூர்ந்து உண்டான இடம் என்றும்.

அந்தப் பக்கத்தை இரும்பு ஏணிக்கு மேலே உட்கார்ந்து படிக்க வேண்டும். மகள் வீட்டில் அதைத் தனியாகப் படித்தபோது ஒன்றும் பேசவில்லை, பக்கத்தை மட்டும் மடக்கி வைத்திருந்தாள். வகுப்பில் டீச்சர் ஒரு பையனைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். துருப்பிடித்த படி என்ற இடம் வந்ததும் அவன் நிறுத்திவிட்டு, "எங்க வீட்டு ஏணி துரு இல்ல டீச்சர், போன தீபாவளிக்குத்தான் பெயிண்ட் அடிச்சோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "அப்படின்னா எது சரி, எது தப்புன்னு போய்ப் பாத்துட்டு வாங்க. நோட்டும் பென்சிலும் கொண்டு போங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினான்கு பேரும் கிளம்பினார்கள். நானும் என் ஐம்பது அடி டேப்போடு கூடப் போனேன். 90 அடி ரோட்டில் டீக்கடைக்கு முன்னால் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, நிறுத்தி வைத்த வண்டிகளையும் தள்ளுவண்டிகளையும் கழித்துவிட்டு, போக வர மிச்சம் இருக்கும் வழியை அளந்தோம். டேப் முழுசாக வெளியே வரவே இல்லை. புத்தகம் சொன்னது சரி. சந்தில் சைக்கிள் போகாது என்பதைப் பார்க்க ஒருவன் நிஜமாகவே சைக்கிள் கொண்டு வந்திருந்தான். மூன்று சந்தில் போனது, ஒன்றில் ஹேண்டில்பார் சிக்கிக்கொண்டது. மரம் எண்ணினார்கள். கோயிலுக்குள் இருப்பதைச் சேர்க்கலாமா கூடாதா என்று அரை மணி நேரம் சண்டை. கும்பார்வாடாவில் சூளைப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே, பானை செய்கிறவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று கேட்டார்கள். சௌராஷ்டிரம் என்று பதில் வந்தது. கடலின் கை எங்கே என்று தேடி கோலிவாடா பக்கம் போனோம். மீனவர் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மித்தி ஆறு மாஹிம் கழியில் கலக்கும் இடத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள்.

திரும்பி வந்ததும் டீச்சர் போர்டை இரண்டாகப் பிரித்தார். சரி, தப்பு. தப்பில் முதலாவதாக விழுந்தது, புத்தகம் இங்கே இருப்பதாகச் சொல்லும் தோல் பதனிடும் பெரிய தகரக் கொட்டகைகள். கீழே பட்டறை முதலாளியையே மேலே கூப்பிட்டுக் கேட்டார்கள். "பதனிடுறது எல்லாம் எப்பவோ இங்கருந்து போயிட்டு. இப்ப தைக்கிறது, விக்கிறதுதான்" என்றார். அப்போதுதான் டீச்சர் அந்தப் பத்தியின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் வருஷத்தைக் காட்டினார். 1996. "இதை எழுதும்போது உங்கள்ல யாருமே பிறக்கல. பொய் சொல்லல, அன்னைக்குப் பாத்ததை எழுதியிருக்காங்க. நீங்க இன்னைக்குப் பாத்ததை எழுதுங்க."

உடனே சேர்த்துச் சொன்னது: "பரீட்சையில புத்தகத்துல உள்ள பாயிண்ட்ட முதல்ல எழுதுங்க. அப்புறம் இடம் இருந்தா உங்க பாயிண்ட்." இந்தச் சமயோசிதம் எனக்குப் பிடித்திருந்தது. மகளும் மடக்கி வைத்த பக்கத்தை அன்று நீவி விட்டாள்.

பிராக்டிகலும் இதே மாதிரிதான். ஃப்ளோ மேப் என்று ஒன்று உண்டு. எவ்வளவு போகிறது என்பதைக் கோட்டின் தடிமனால் காட்டும் மேப். மற்ற இடங்களில் ஏதாவது ஒரு அட்டவணையைக் கொடுத்து வரையச் சொல்வார்களாம். இங்கே பதினான்கு குடும்பமும் எங்கிருந்து பம்பாய் வந்தது என்று வரையச் சொன்னார். ஒரு குடும்பத்துக்கு ஒரு மில்லிமீட்டர். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்திலிருந்து வரும் கோடுகள் மட்டும் குழாய் போலத் தடித்துக் கிடந்தன. சோலாப்பூர்க் கோடு மயிரிழை. புலம்பெயர்தல் பற்றி முன்பு இந்தப் புத்தகத்தில் ஒரு முழுப் பாடமே இருந்தது, புதுப் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். டீச்சர் அந்தப் பாடத்தைப் பிராக்டிகல் ஃபைலில் உட்கார வைத்துவிட்டார். மகளின் ஃபைலைப் பார்த்த எக்ஸ்டர்னல் அந்த மேப்பிலேயே ஐந்து நிமிஷம் நின்றாராம். வைவாவில் கேட்டது, "உங்க அப்பா ஏன் வந்தார்?" ஒன்றுதான்.

குறைகளைச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

பதில் எழுதும் பயிற்சி போதாது. விளக்கம் தமிழிலும் ஹிந்தியிலும் பிரமாதமாக இருக்கிறது, ஆனால் பேப்பரில் இங்கிலீஷில் எழுத வேண்டும். ஐந்து மார்க் கேள்வி மட்டும் ஐந்து வரும், எழுத்துத் தேர்வில் 25 மார்க். டிசம்பர் வரைக்கும் ஒரு பதிலைக்கூடத் திருத்திக் கொடுக்கவில்லை. டிட்டர்மினிசம் (இயற்கை சொல்வதுதான் நடக்கும்), பாசிபிலிசம் (மனிதன் நினைத்தால் வழி உண்டு) எல்லாம் மகளுக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது. கிரிஃபித் டெய்லர் சொன்ன நடுவழியை டி ஜங்‌ஷன் சிக்னலில் நிறுத்தியே டீச்சர் சொல்லிக் கொடுத்தார், சிவப்பு விழுந்தால் நில், பச்சை விழுந்தால் போ என்று. ஆனால் அதை நூற்றைம்பது வார்த்தையில் எழுதச் சொன்னால் ஐம்பதாவது வார்த்தையில் நின்றுவிடுவாள். நான் இரண்டு முறை சொன்ன பிறகுதான் ஜனவரியில் வாரம் இரண்டு பதில் திருத்த ஆரம்பித்தார். முன்பே தொடங்கியிருந்தால் இன்னும் நாலைந்து மார்க் வந்திருக்கும் என்பது என் கணக்கு.

நோட்ஸ் பழசு. ஜெராக்ஸ் கட்டில் நீக்கப்பட்ட பாடங்களும் கிடக்கின்றன. இந்தியப் புத்தகத்தில் முன்பு பன்னிரண்டு பாடம், இப்போது ஒன்பது. இது தெரியாமல் மகள் தொழிற்சாலைகள் பாடத்தை நாலு நாள் உட்கார்ந்து உருப்போட்டாள். கேட்டபோது டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சேர்ந்த அன்றே புதுப் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பக்கத்தில் வைத்து ஜெராக்ஸில் வேண்டாததை அடித்துவிடுங்கள்.

ஜி.ஐ.எஸ். (மேப் தகவலைக் கம்ப்யூட்டரில் கையாளும் முறை) பகுதிக்குக் கம்ப்யூட்டர் இல்லை. ராஸ்டர் என்றால் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பிக் காட்டினார், வெக்டர் என்றால் டிரேசிங் பேப்பரில் கோடு இழுத்துக் காட்டினார். புரியத்தான் செய்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார். அந்தப் பக்கம் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு இது பத்தாது.

ஜூலையில் மழைக்கு ஐந்து வகுப்பு நடக்கவில்லை. ஏணி வழுக்கும், அது நியாயம்தான். ஆனால் பணத்தில் கழிக்கவும் இல்லை, ஈடாக வகுப்பு வைக்கவும் இல்லை. ரசீதும் கிடையாது. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை வேண்டுமென்றால் பக்கத்து வீட்டைத்தான் கேட்க வேண்டும். அவர்கள் முகம் சுளிக்காமல் கதவைத் திறப்பார்கள், இருந்தாலும் சேர்க்கும் முன் மகளிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

மார்க்கைக் கேட்பீர்கள். எழுத்துத் தேர்வில் 61, பிராக்டிகலில் 29. வெளியே வந்ததும் மேப் பத்தும் சரி என்று கையைக் காட்டினாள். அதிகம் மக்கள் நெருக்கம் உள்ள மாநிலம் எது என்பதற்கு வகுப்பில் பாதிப் பேர் டெல்லியைக் குறிப்பார்கள், அது மாநிலக் கணக்கில் வராது, பீகார்தான் என்று டீச்சர் ஏழெட்டு முறை சொல்லியிருப்பார். எனக்கே கனவில் வரும். தூத்துக்குடி கரையில்தான் இருந்ததாம். அதைத்தான் நான் முதலில் கேட்டேன்.

யாருக்குப் பொருந்தும் என்றால், புத்தகத்தை ஓரளவு தானே வாசிக்கத் தெரிந்த, ஆனால் மேப்பைப் பார்த்தால் கை நடுங்குகிற பிள்ளைக்கு. பதிலை எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லும் இடம் தேடுகிறீர்கள் என்றால் இங்கே வராதீர்கள். ஐந்து ஸ்டாரில் நான் நாலு கொடுப்பேன். பதில் திருத்துவதை ஆகஸ்டிலேயே தொடங்கினால் நாலரை.

புது பேட்ச் ஏப்ரலில் தொடங்கும். பதினைந்து பேருக்கு மேல் எடுக்க மாட்டார், அறை தாங்காது. போனில் பேசிச் சேர முடியாது, நேரில் போக வேண்டும். பிள்ளையையும் கூட்டிப் போங்கள், முதல் கேள்வி பிள்ளையிடம்தான் கேட்பார்: "உங்க ஊரை இந்த மேப்ல காட்டு." ஹெச்.பி. பென்சில் இரண்டு, நல்ல ரப்பர் ஒன்று. ஸ்டென்சில் கொண்டு போனால் வாங்கி மேலே பரணில் போட்டுவிடுவார்.

அங்கே ஆணியில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஐம்பது அடி டேப் தொங்குவதைப் பார்த்தால், அது என்னுடையது. புது பேட்சும் ரோட்டை அளக்கட்டும் என்று டீச்சர் வாங்கி வைத்தார். டிசம்பருக்குள் தருகிறேன் என்றிருக்கிறார்.